வீட்டுக்கு ஜெனரேட்டர்: வாங்குமுன் அறிய வேண்டுவன

மின்சாரம் இன்று நம் கிராம வாழ்க்கையில் எங்கும் புகுந்துவிட்டது. கிணற்றில் நீர் இறைப்பதும், தறியின்மேல் வெளிச்சம் தருவதும், தார் சுற்றும் ராட்டையை ஓட்டுவதும், மேல்நிலைத் தொட்டியை நிரப்புவதும், பால் சங்கத்தில் பாலைக் குளிரவைப்பதும் அதுவே. அது தடைப்படும்போது வீட்டு வேலையுடன் பிழைப்பும் சேர்ந்து நின்றுவிடுகிறது.

நம் வட்டாரத்தில் இத்தடை அபூர்வமானதன்று. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயலையும், 2020-ஆம் ஆண்டு நவம்பரில் புதுச்சேரிக்கு அருகே கரையேறிய 'நிவர்' புயலையும் நாம் கண்டோம். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த 'பெஞ்சல்' புயல், கடந்த பின்னும் நகராமல் நின்று மழையைக் கொட்டியது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. இவையன்றி, 2012-ஆம் ஆண்டையொட்டி மாநிலமெங்கும் மின் பற்றாக்குறை ஏற்பட்டு, சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் மின்சாரம் நிறுத்தப்பட்ட காலத்தையும் நாம் மறந்துவிடவில்லை.

ஆகவேதான் பிரம்மதேசம் முதலிய ஊர்களில் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது, "வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கலாமா? எவ்வளவு பெரிதாக வாங்குவது?" என்று அங்கத்தினர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால் அதைவிட முக்கியமான வேறு இரு கேள்விகள் உண்டு. அந்த யந்திரத்தை வீட்டு மின்கம்பிகளுடன் எவ்வாறு இணைப்பது என்பது ஒன்று. அதை எங்கே வைப்பது என்பது மற்றொன்று. முதற் கேள்வியில் பிழை செய்தால் பணம் நஷ்டமாகும். பின் இரண்டில் பிழை செய்தால் உயிர் நஷ்டமாகும். இக்கட்டுரை இவற்றை முறையே விளக்க முயல்கிறது.

1. தேவையை அறிதல்

முதலில் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டுவது, தமக்கு மாற்று மின்சாரம் எவ்வளவு நேரத்துக்குத் தேவை என்பதாகும்.

இரண்டு மணி அல்லது நான்கு மணி நேரத் தடையே பெரும்பாலும் ஏற்படுமாயின், ஜெனரேட்டர் வேண்டியதில்லை. பாட்டரியுடன் கூடிய இன்வெர்ட்டர் போதும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் 1,800 வாட்-மணி மின்சக்தி அடங்கும். முழுவதையும் எடுத்தல் பாட்டரிக்கு ஆகாது. மாற்றத்திலும் ஓரளவு வீணாகும். எனவே சுமார் 1,200 வாட்-மணிதான் கைக்குக் கிடைக்கும் என்று கொள்ளலாம். ஆறு எல்.இ.டி. விளக்குகளும் மூன்று மின்விசிறிகளும் ஏறக்குறைய 280 வாட் இழுக்கும். அவை நான்கு மணி நேரம் இயங்க இது போதுமானது. புகையில்லை, ஓசையில்லை, எரிபொருட் செலவுமில்லை.

புயலடித்துக் கம்பங்கள் சாய்ந்து, மின்சாரம் வர நாட்கள் ஆகும் காலத்தில் இன்வெர்ட்டர் பயன்படாது. பாட்டரி காலியானபின் அதை நிரப்ப மின்சாரம் ஏது? அந்நிலையில்தான் ஜெனரேட்டர் தேவையாகிறது. கூரைமேல் சூரிய மின்தகடு அமைத்துள்ளோரும் ஒன்றை அறியவேண்டும். மின் விநியோகத்துடன் இணைந்து இயங்கும் சாதாரண சூரிய மின் அமைப்பு, வெளி மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்வோரின் பாதுகாப்புக்காகவே அவ்வாறு அமைத்துள்ளனர். அத்தகைய அமைப்பு உள்ள வீட்டில், தகுதியுள்ளவரைக் கலந்துகொள்ளாமல் ஜெனரேட்டரை இணைக்கலாகாது.

2. அளவைக் கணக்கிடுதல்

ஆயில் எஞ்சினை அறிந்த விவசாயிக்கு ஜெனரேட்டர் புதிய பொருளன்று. எஞ்சினின் தண்டுடன் பம்புக்குப் பதிலாக மின்னாக்கியைப் பொருத்தினால் அதுவே ஜெனரேட்டர். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. இதைத் தர இருதுருவ மின்னாக்கி நிமிஷத்துக்கு 3,000 சுற்றும், நான்குதுருவ மின்னாக்கி 1,500 சுற்றும் சுழலவேண்டும். கையில் தூக்கத்தக்க சிறிய பெட்ரோல் யந்திரங்கள் பொதுவாக 3,000 சுற்றில் ஓடுவன. ஆதலின் ஓசையும் தேய்மானமும் அதிகம். நாட்கணக்கில் ஓட்டுவோருக்கு 1,500 சுற்று டீசல் யந்திரமே உழைக்கும்.

யந்திரத்தின் அளவு கே.வி.ஏ. என்ற அலகில் எழுதப்பட்டிருக்கும். டீசல் யந்திரங்களில் அதை 0.8 ஆல் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும் என்பது பொதுவான வழக்கு. 5 கே.வி.ஏ. என்றால் 4 கிலோவாட், அதாவது 4,000 வாட் ஆகும்.

இனி ஒரு நெசவாளர் வீட்டை எடுத்துக்கொள்வோம். 9 வாட் விளக்குகள் ஆறு, 54 வாட். 75 வாட் மின்விசிறிகள் மூன்று, 225 வாட். தொலைக்காட்சியும் கைபேசிகளும் 100 வாட். குளிர்பதனப் பெட்டி 150 வாட். மிக்ஸி 500 வாட். அரைக் குதிரைசக்தி நீர் மோட்டார் சுமார் 600 வாட். ஆக மொத்தம் 1,629 வாட்.

இக்கணக்கைப் பார்த்து, 2 கே.வி.ஏ. யந்திரம் ஏறக்குறைய போதும் என்று முடிவு செய்தல் தவறு. மோட்டார் உள்ள சாதனம் எதுவும் புறப்படும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல் மூன்று மடங்கும் அதற்கு மேலும் இழுக்கும். நீர் மோட்டார் புறப்பட மட்டும் 1,800 வாட்டுக்குக் குறையாமல் வேண்டும். எனவே எல்லாவற்றையும் ஒருங்கே இயக்க விரும்புவோருக்கு 5 கே.வி.ஏ. தேவைப்படும். நீர் மோட்டாரைத் தனியாக ஓட்டித் தொட்டியை நிரப்பிக்கொண்டு, பின்னர் மற்றவற்றை இயக்கும் ஒழுங்கை வீட்டார் கைக்கொண்டால் 3 கே.வி.ஏ. போதும். வீட்டார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஒரு சொல், விலையில் கணிசமான பகுதியை மிச்சப்படுத்துகிறது.

வயலில் உள்ள 5 குதிரைசக்தி மும்முனை மோட்டாரையும் இதனால் ஓட்டிவிடலாம் என்று எவரும் எண்ணவேண்டாம். அதற்கு 10 முதல் 15 கே.வி.ஏ. அளவுள்ள மும்முனை யந்திரம் வேண்டும்.

தேவைக்கு மிகப் பெரியதாக வாங்குவதும் குறையே. டீசல் எஞ்சின் தன் சக்தியில் மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடினால் எரிபொருள் முற்றும் எரியாமல் புகைக்கரி படிந்து கெடும்.

3. இணைக்கும் முறை

இப்பகுதியை அங்கத்தினர்கள் இருமுறை படிக்க வேண்டுகிறோம்.

பல ஊர்களில் கையாளப்படும் ஒரு வழக்கம் உண்டு. இருமுனையிலும் ப்ளக் பொருத்திய வயர் ஒன்றைச் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவரிலுள்ள ஏதேனும் ஒரு பிளக் பாயிண்டிலும் செருகிவிடுகின்றனர். வீடு முழுவதும் விளக்கெரிகிறது. வேலை எளிதாக முடிந்தது என்று மகிழ்கின்றனர். இதைப்போல் அபாயமான செய்கை வேறில்லை.

ஜெனரேட்டரின் மின்சாரம் வீட்டோடு நிற்பதில்லை. மெயின் சுவிட்ச் மூடப்படாதிருந்தால் அது மீட்டரின் வழியே கம்பத்துக்கு ஏறித் தெருக்கம்பி முழுவதும் பரவும். அவ்வேளையில் மின்வாரிய ஊழியர் ஒருவர் டிரான்ஸ்ஃபார்மரில் பியூஸைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பியில் மின்சாரமில்லை என்ற நம்பிக்கையுடன் கம்பத்தின்மேல் இருக்கலாம். அவர் கையிலுள்ள கம்பியில் நம் வீட்டிலிருந்து 230 வோல்ட் பாய்கிறது. பியூஸ் கழற்றப்படாதிருந்தால் தீங்கு இன்னும் பெரிது. 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் அதே டிரான்ஸ்ஃபார்மர், தாழ்ந்த பக்கத்தில் மின்சாரம் புகுந்தால் உயர்ந்த பக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றித் தரும். கொட்டும் மழையில் நம் தெருவுக்கு வெளிச்சம் தரக் கம்பமேறியவரை, நம் வீட்டு வெளிச்சமே கொல்லும்.

"சிறிய யந்திரம் தெரு முழுவதன் சுமையைத் தாங்காது, தானே நின்றுவிடும்" என்று சிலர் வாதிப்பர். கம்பி அறுந்திருந்தாலோ, அடுத்த வீடுகளில் சுவிட்சுகள் மூடியிருந்தாலோ சுமை ஏது? யந்திரம் நிற்காது. "மெயின் சுவிட்சை முதலில் அணைத்துவிட்டால் போதாதா?" என்று வேறு சிலர் கேட்பர். இருட்டில், அவசரத்தில், வீட்டிலுள்ள யாரேனும் ஒருவர் ஒருமுறை மறந்தாலும் போதும். மனிதனின் ஞாபகத்தை நம்பி மற்றொருவன் உயிரை வைக்கலாகாது.

இதற்குரிய சாதனம் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் ஆகும். அதன் கைப்பிடிக்கு மூன்று நிலைகள் உண்டு: ஒருபுறம் வாரிய மின்சாரம், நடுவில் நிறுத்தம், மறுபுறம் ஜெனரேட்டர். இரண்டும் ஒருங்கே வீட்டுடன் சேர்தல் அதன் அமைப்பிலேயே இயலாது. அதை மீட்டருக்கு அடுத்து, வீட்டு விநியோகப் பெட்டிக்கு முன் பொருத்தவேண்டும். ஒருமுனை இணைப்புக்கு ஃபேஸ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளையும் பிரிக்கும் இருதுருவச் சுவிட்சும், மும்முனை இணைப்புக்கு நான்குதுருவச் சுவிட்சும் வேண்டும். நியூட்ரலைப் பிரிக்காமல் விட்டுவிடுவது பலர் செய்யும் பிழை.

இச்சுவிட்ச் இல்லாத வீட்டுக்கு மற்றொரு கேடும் உண்டு. ஜெனரேட்டர் ஓடும்போது வாரிய மின்சாரம் திரும்பி வந்தால் இரண்டும் மோதி, யந்திரத்தின் சுருள் எரிந்துபோகும்.

தானாக இயங்கும் மாற்றுப் பெட்டியும் கிடைக்கிறது. மின்சாரம் நின்றதை அது உணர்ந்து, சில விநாடிகள் பொறுத்து, எஞ்சினைப் புறப்படச் செய்து, வீட்டை அதன்மேல் மாற்றும். மின்சாரம் மீண்டபின் சற்று நேரம் பார்த்து, வீட்டைத் திரும்ப மாற்றி, எஞ்சினைச் சிறிது ஆறவிட்டு நிறுத்தும். முதியோரோ நோயாளியோ உள்ள வீட்டுக்கு இது மிக உதவும். மற்றையோருக்குக் கையால் திருப்பும் சுவிட்சே போதும்.

இணைப்பு வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டே செய்விக்க வேண்டும். ஜெனரேட்டர் அமைப்பதை உள்ளூர் மின் விநியோக அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலில் ஒப்பம் பெற்றுக்கொள்க. பெரிய யந்திரமாயின் மின் ஆய்வாளரின் அனுமதி தேவையா என்பதையும் அங்கேயே கேட்டறிக.

4. நில இணைப்பு

ஜெனரேட்டரின் உடலுக்கும் அதன் நியூட்ரலுக்கும் தனித்தனியே எர்த் வேண்டும். சுமார் 40 மில்லிமீட்டர் விட்டமும் இரண்டரை மீட்டர் நீளமும் உள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை நிலத்தில் செங்குத்தாகப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் மாறிமாறி இட்டு நிரப்புவது நெடுநாளைய முறை. கோடையில் குழியில் நீர் ஊற்றி ஈரம் காத்தல் வேண்டும். காய்ந்த மண் மின்சாரத்தை ஏற்காது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதனத்தையும் விநியோகப் பெட்டியில் பொருத்திக்கொள்வது நலம். ஈரச் சுவரும் மண்தரையும் உள்ள தறிக்கூடத்துக்கு இது இன்றியமையாதது.

5. வைக்கும் இடம்

எஞ்சின் வெளிவிடும் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் சேர்வதால், உடலுக்குப் பிராணவாயு கிட்டாமற் போகிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், வாந்தி. உறங்குபவருக்கோ எந்த அறிகுறியும் தெரியாமலே மரணம். அமெரிக்க நாட்டில் ஆண்டுதோறும் சராசரியாக 85 பேர் வீட்டு ஜெனரேட்டர் புகையால் மடிகின்றனர் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தெரிவித்துள்ளது. 2020-ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்தைத் தாக்கிய 'லாரா' புயலில், புயலுக்குத் தப்பிய பலர் பின்னர் இப்புகைக்குப் பலியாயினர். யந்திரத்தை வீட்டுக்குள்ளோ வீட்டுக்கு மிக அருகிலோ வைத்து ஓட்டுவதே இத்தகைய மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணம்.

எனவே கூடம், தாழ்வாரம், திண்ணை, மாடிப்படியின் அடி, கதவு மூடிய மோட்டார் அறை ஆகிய எங்கும் ஜெனரேட்டரை ஓட்டலாகாது. ஜன்னல் திறந்திருக்கிறது என்பதும், மின்விசிறி சுழல்கிறது என்பதும் பாதுகாப்பாக மாட்டா. வீட்டுக்கு வெளியே, கதவு ஜன்னல்களிலிருந்து 20 அடியேனும் தள்ளி, புகைக்குழாய் நம் வீட்டையும் அண்டை வீட்டையும் நோக்காதவாறு வைக்கவேண்டும்.

மழைக்கு மேலே கூரை மட்டும் போட்டு, பக்கங்களைத் திறந்துவிடலாம். அடியில் கான்கிரீட் மேடை அமைக்கும்போது, 2024-ஆம் ஆண்டு வெள்ளம் நம் வீட்டருகே எந்த மட்டம் வரை ஏறியது என்பதைப் பார்த்து, அதற்கு ஓரடி மேலாக மேடையை உயர்த்துக. புயலுக்கென்று வாங்கிய யந்திரம் புயல் நீரில் மூழ்கிக் கிடப்பின் யாருக்கு என்ன பயன்?

6. எரிபொருளும் பராமரிப்பும்

5 கே.வி.ஏ. டீசல் யந்திரம் பாதிச் சுமையில் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் இரண்டு மணி, மாலையில் மூன்று மணி என்று ஓட்டினால் நாளொன்றுக்கு 5 லிட்டர். மூன்று நாளைக்கு 15 லிட்டர். புயலெச்சரிக்கை வந்தவுடனே இதை வாங்கி, மூடியுள்ள தக்க கலத்தில், அடுப்பங்கரைக்கும் நூல் வைக்கும் அறைக்கும் தொலைவில் வைத்துக்கொள்க. மின்சாரமில்லையேல் பெட்ரோல் பங்கும் இயங்காமற்போகலாம். ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தில் எரிபொருள் ஊற்றலாகாது. நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றுக.

ஓடாத யந்திரம் தேவையான நாளில் புறப்படாது. இரு வாரங்களுக்கு ஒருமுறை, சிறிது சுமையுடன், கால்மணி நேரம் ஓட்டவேண்டும். எண்ணெய் மட்டம், பாட்டரி, காற்று வடிகட்டி ஆகியவற்றை அப்போதே பார்க்கவேண்டும். ஓட்டிய தேதி, நேரம், ஊற்றிய எரிபொருள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவருக.

7. செலவும் சங்கமும்

டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று கொண்டால், லிட்டருக்கு இரண்டு யூனிட் வீதம், ஒரு யூனிட் எரிபொருட் செலவில் மட்டுமே 46 ரூபாய் ஆகிறது. கைத்தறி நெசவாளருக்கு இரு மாதங்களுக்கு 300 யூனிட்டும், விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் கட்டணமின்றி அளிக்க 2023-இல் அரசு ஆணையிட்டதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க. ஆதலின் ஜெனரேட்டர் ஆபத்துக் காலத்து மருந்தேயன்றி அன்றாட உணவன்று. பயிர்க்கடனாகப் பெற்ற தொகையையோ, நூல் வாங்க வைத்த முதலையோ இதற்குச் செலவிடுதல் விவேகமாகாது. வருவாய் தராத பொருளுக்கு வருவாய் தரும் முதலைக் கரைத்தால் கடன் தவணை நாளில் துன்பமே மிஞ்சும்.

மேலும், நம் ஊர்த் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவராக நிற்கின்றன. முன்னே தெரு, பின்னே சிறிய புழக்கடை. எல்லா ஜன்னல்களுக்கும் 20 அடி தள்ளி யந்திரம் வைக்கப் பல வீடுகளில் இடமே கிடையாது. பத்து வீட்டார் பத்து யந்திரம் வாங்கினால், பத்துப் புகையும் பத்து ஓசையும் ஒரு தெருவில் சேரும்.

2018-ஆம் ஆண்டு நவம்பரில் 'கஜா' புயல் தாக்கியபின் தஞ்சை, நாகை, திருவாரூர் மாவட்டங்களில் பல ஊர்களில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆயிற்று. அப்போது ஜெனரேட்டர்களை வண்டிகளில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்று மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பினர். ஒரு யந்திரம் ஓர் ஊருக்கே குடிநீர் தந்தது. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. துணைவிதிகளும் துறை அனுமதியும் இடந்தருமாயின், சங்கக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் முறைப்படி அமைத்த ஒரு யந்திரம், கைபேசிகளுக்கு மின்னேற்றவும், இன்சுலின் போன்ற மருந்துகளைக் குளிரில் காக்கவும், வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரிகளை முறைவைத்து நிரப்பவும் பயன்படும். வீட்டில் புகையற்ற பாட்டரி, சங்கத்தில் பொதுவான யந்திரம் என்பதே இடமும் பணமும் குறைந்த ஊருக்குப் பொருத்தமான ஏற்பாடு எனத் தோன்றுகிறது.

அவ்வாறு அமைப்பதாயின் பேரவையில் தீர்மானம் வேண்டும். இயக்குபவர் இன்னார் என்று குறிக்கவேண்டும். ஓட்டப் பதிவேடும் எரிபொருள் இருப்புப் பதிவேடும் வேண்டும். உபயோகிப்போரிடம் நியாயமான கட்டணம் பெற்று, ஒரு பகுதியைத் தேய்மானத்துக்கென ஒதுக்கவேண்டும். இவையின்றி வாங்கிய பொது யந்திரம் இரண்டாம் புயலுக்கு உதவாது.

வகுப்பில் கலந்துரையாட வினாக்கள்

1. உங்கள் வீட்டுச் சாதனங்களின் வாட் அளவுகளைத் தனித்தனியே எழுதிக் கூட்டுக. மோட்டார் புறப்படும் தேவையையும் சேர்த்தால் எவ்வளவு கே.வி.ஏ. வேண்டும்?

2. உங்கள் தெருவில் ஜெனரேட்டர் உள்ள வீடுகளில் எத்தனை வீட்டில் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் உள்ளது? இல்லாத வீட்டாருக்கு இதை எவ்வாறு எடுத்துச் சொல்வீர்கள்?

3. உங்கள் வீட்டில் 20 அடி தள்ளி வைக்க இடமுண்டா? இல்லையேல், சங்கத்தில் பொது யந்திரம் அமைக்க எந்த இடம் தகும்? 2024 வெள்ளத்தில் அவ்விடத்தில் நீர் எவ்வளவு நின்றது?

4. மின்சாரம் நின்ற மூன்று நாட்களில் ஊருக்கு முதலில் வேண்டுவன எவை? அவற்றை முக்கியத்துவ வரிசையில் எழுதுக.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே இவ்வினாக்களுக்கு விடை கண்டு வைத்துக்கொள்வது ஒவ்வோர் அங்கத்தினரின் கடமையாகும்.